செத்த ஆட்டின் காது

இன்றைக்கு மார்கழி 15. எங்கள் வீட்டுச் செங்கன்னி ஆட்டுக்கு இது 149ஆம் நாள். ஆடிப் பதினெட்டு அன்றைக்குக் கிடா சேர்ந்தது. வெள்ளாட்டுக்குச் சினைக்காலம் ஐந்து மாதம், 150 நாள். ரெண்டு மூணு நாள் முன்னே பின்னே ஆகும். இந்தக் கணக்கெல்லாம் நான் நாட்காட்டியைப் பார்த்துச் சொல்வது. அம்மாவுக்கு நாட்காட்டி தேவையில்லை. சாயங்காலம் வால் அடியில் கையை வைத்துப் பார்த்தாள்.

'ரெண்டு பக்கமும் குழி விழுந்துட்டு எய்யா. மடியும் இறங்கிட்டு. இன்னைக்கு ராத்திரி தாண்டாது' என்றாள்.

அதனால்தான் தொழுவுக்குப் பக்கத்தில் விளக்கைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். பழைய சாக்கு, வேட்டித் துணி, ஒரு புது பிளேடு, டிஞ்சர் பாட்டில் எல்லாம் எடுத்து வைத்தாயிற்று. ஆடு நிற்கிறது, படுக்கிறது, மண்ணைக் காலால் பறிக்கிறது, திரும்பித் தன் வயிற்றைப் பார்க்கிறது. குட்டி விழுகிறவரைக்கும் நமக்கு வேறு வேலை கிடையாது. காத்திருக்கிற நேரத்தில் இதை எழுதுகிறேன்.

ஆட்டைப் பற்றி வரலாற்றுக் கட்டுரையா என்று கேட்கலாம். நம்முடைய வரலாற்றை எழுத நிலப் பத்திரத்தைத் தேடினால் கிடைக்காது. தாமிரபரணிப் பாசனத்தில் வயலெல்லாம் கோயிலுக்கும் மடத்துக்கும் மிராசுதாரர்களுக்கும் இருந்தது. அந்த வயலோடு சேர்த்து எழுதப்பட்ட ஆட்களாகத்தான் நம் முன்னோர் இருந்தார்கள். 1843ஆம் வருஷத்து ஐந்தாம் சட்டம் அடிமை முறையைச் சட்டப்படி செல்லாது என்றது. அதற்குப் பிறகும் பண்ணையாள் பண்ணையாளாகவே இருந்தான். நிலம் இல்லாதவன் வீட்டில் என்ன இருந்தது? ரெண்டு ஆடு இருந்தது. அந்த ஆடும் நம்முடையதாக இருந்ததா என்பதுதான் நான் கேட்க வந்த கேள்வி.

கோயில் சுவரிலிருந்து தொடங்குகிறேன். பாண்டியர், சோழர் காலத்துக் கல்வெட்டுகளைப் படிப்பவர்களுக்கு 'சாவா மூவாப் பேராடு' என்ற சொல் தெரிந்திருக்கும். சேரன்மகாதேவி, அம்பாசமுத்திரம் பக்கமெல்லாம் பழைய கல்வெட்டுக் கோயில்கள் நிறைய உண்டு. கோயிலில் அணையாமல் ஒரு நந்தா விளக்கு எரிய வேண்டும் என்று ராஜாவோ பெரியவரோ ஆடுகளைத் தானம் கொடுப்பார்கள். சோழர் கல்வெட்டுகளில் ஒரு விளக்குக்கு 90 ஆடு, 96 ஆடு என்று வரும். பாண்டியர் கல்வெட்டுகளில் 50 ஆடு என்றும் வரும். அந்த ஆடுகளை மன்றாடி என்று சொல்லப்படுகிற இடையரிடம் ஒப்படைப்பார்கள். அவர் நாள்தோறும் உழக்கு நெய் என்ற கணக்கில் கோயிலுக்கு அளக்க வேண்டும்.

சாவா மூவா என்றால் சாகாது, மூப்படையாது என்று பொருள். சாகாத ஆடு எங்கே இருக்கிறது? இதில் மந்திரம் ஒன்றும் இல்லை. கணக்குதான். கிழடு தட்டிய ஆட்டின் இடத்தில் புதுக் குட்டி வந்துவிடும், எண்ணிக்கை குறையாது என்பது கணக்கு. நோய் வந்தாலும் நரி கொண்டுபோனாலும் பஞ்சம் வந்தாலும் கல்லில் வெட்டிய எண் மாறாது. சூரியனும் சந்திரனும் உள்ளவரைக்கும் நெய் அளந்தாக வேண்டும். செத்த ஆடு மேய்க்கிறவன் கணக்கில் போகும். தானம் கொடுத்தவருக்குப் புண்ணியம், கோயிலுக்கு நெய், மேய்த்தவனுக்குச் சாவு. தமிழ்நாட்டில் ஆடு பற்றி எழுதி வைக்கப்பட்ட ஒப்பந்தங்களில் மிகப் பழையவற்றில் ஒன்று இது. ஆடு செத்தால் அந்தச் சாவு யார் தலையில் விழும் என்பதை அன்றைக்கே தீர்மானித்துவிட்டார்கள். அந்த மன்றாடி நம்மவர் இல்லை, இடையர். ஆனால் அந்த ஒப்பந்தம் வேறு பெயரில் நம் குடிசைக்கும் வந்தது.

அதன் பெயர் வாரம். எங்கள் அம்மாச்சி காலத்துக் கதை இது. 1950களில் நடந்தது. பண்ணையார் ஒரு பெட்டை ஆட்டை அம்மாச்சியிடம் வாரத்துக்கு விட்டார். குழை ஒடித்துப் போடுவதும், தண்ணீர் காட்டுவதும், ராத்திரி முழித்துப் பேறு பார்ப்பதும் அவள் பாடு. ஈத்துக்கு ரெண்டு குட்டி விழுந்தால் ஆளுக்கு ஒன்று. ஒரு குட்டி விழுந்தால் அடுத்த ஈத்தில் பார்த்துக்கொள்ளலாம் என்பார். தாய் ஆடு என்றைக்கும் அவருடையது. அடையாளத்துக்கு அதன் காதில் ஒரு வெட்டு இருக்கும்.

நம் பக்கத்துக் கன்னி ஆடு ரெண்டு குட்டி போடுவதற்குப் பேர் போனது. கறுப்பு உடம்பு, முகத்தில் ரெண்டு கோடு. கோடு வெள்ளையாக இருந்தால் பால்கன்னி, செம்மையாக இருந்தால் செங்கன்னி. மானாவாரிக் காட்டு வெயிலைத் தாங்கும், கிடைத்ததைத் தின்னும். நெல்லை, தூத்துக்குடி, விருதுநகர்ச் சீமையின் சொந்த இனம். ரெண்டு குட்டி போடுகிற இனம் என்பதால்தான் வாரம் என்ற ஏற்பாடே நடந்தது. குட்டியைப் பாதியாக வெட்ட முடியாதே!

ஒரு ஐப்பசி அடைமழையில் அந்த ஆடு செத்தது. அம்மாச்சி போய்ச் சொன்னாள். பண்ணையார் திண்ணையில் இருந்தபடியே கேட்டாராம்:

'செத்துச்சா, இல்ல அறுத்துத் தின்னுட்டியளா? காதைக் கொண்டா.'

அம்மாச்சி வீட்டுக்கு வந்து செத்த ஆட்டின் காதை அறுத்து, பூவரச இலையில் வைத்துக் கொண்டுபோய்த் திண்ணைக்குக் கீழே தரையில் வைத்தாள். அவர் கம்பால் அதைத் தள்ளிப் பார்த்து வெட்டுக்குறி இருக்கிறதா என்று சரிபார்த்தார். ஆட்டு விலையை அறுப்புக் கூலியில் பிடித்துக்கொண்டார். இந்தக் கதையை அம்மாச்சி எத்தனை தடவை சொன்னாலும் ஆடு செத்ததற்காக அழ மாட்டாள். 'காதைக் கொண்டா' என்ற இடம் வரும்போது மட்டும் குரல் மாறும்.

நன்செய் ஊரில் ஆடு வளர்ப்பது புன்செய்க் காட்டில் வளர்ப்பது போல் அல்ல. கோவில்பட்டிப் பக்கம் கரிசலிலோ, தெற்கே தேரிக்காட்டிலோ ஆட்டை ஓட்டிவிட்டால் அது பாட்டுக்கு மேயும். ஆற்றுப் பாசனத்தில் கார் ஒரு பூ, பிசானம் ஒரு பூ. வருஷத்தில் முக்கால்வாசி நாள் வயல் பச்சையாக நிற்கும். வரப்பும் வாய்க்கால் கரையும் குளத்துப் புறம்போக்கும்தான் மிச்சம். ஆடு ஒரு வாய் நெல்லைக் கடித்துவிட்டால் ஆளுக்கு அடி, ஆட்டுக்குப் பவுண்டு. பவுண்டு என்று நாம் சொல்கிற அந்தக் கால்நடைப் பட்டிக்குப் பின்னால் 1871ஆம் வருஷத்துக் கால்நடை அத்துமீறல் சட்டம் இருக்கிறது. தண்டம் கட்டினால்தான் ஆடு திரும்பி வரும். நாள் ஆக ஆகத் தீனிக் காசும் ஏறும். கட்ட முடியாவிட்டால் ஏலம். 1882இல் சென்னை வனச் சட்டம் வந்தது. மலையடிவாரக் காடுகள் காப்புக் காடுகள் ஆயின. அங்கே மேய்ச்சலுக்கு அனுமதியும் கட்டணமும் வந்தன. வெள்ளாட்டைக் காட்டை அழிக்கிற பிராணி என்று அதிகாரிகள் எழுதி வைத்தார்கள். வயலும் அடைபட்டது, காடும் அடைபட்டது. நடுவில் நம் ஆடு கயிற்றில் நின்றது.

பிறர் மாட்டையும் ஆட்டையும் மேய்ப்பதற்கு மட்டும் நமக்குத் தடை எப்போதும் இருந்ததில்லை. பக்கத்து ராமநாதபுரம் மாவட்டத்தில் 1931இல் ஆதிக்க சாதியார் ஆதிதிராவிடர்களுக்கும் தேவேந்திரகுலத்தாருக்கும் 11 தடைகள் விதித்தார்கள். முழங்காலுக்குக் கீழே வேட்டி கட்டக்கூடாது, தங்க நகை போடக்கூடாது, வாரத்துக்கோ குத்தகைக்கோ நிலம் பயிரிடக்கூடாது என்று அந்தப் பட்டியல் போகும். ஹட்டன் என்ற ஆங்கிலேய அதிகாரி 1946இல் வெளிவந்த தன் சாதி பற்றிய நூலில் அதைப் பதிவு செய்திருக்கிறார். அதில் ரெண்டு தடைகள் அடுத்தடுத்து வருகின்றன. ஒன்று, இவர்கள் பிள்ளைகள் படிக்கக்கூடாது. அடுத்தது, இவர்கள் பிள்ளைகள் மிராசுதாரரின் கால்நடைகளை மட்டும்தான் மேய்க்க வேண்டும். ரெண்டையும் சேர்த்துப் படித்துப் பாருங்கள். புத்தகத்தைப் பிடுங்கிய கையில் கம்பைக் கொடுக்கிறார்கள்.

எங்கள் அப்பா அந்தக் கம்பைப் பிடித்தவர். எட்டு வயசில் பண்ணை ஆட்டுக்குப் போனார். கூலி, மதியத்துக்குக் கஞ்சி. வருஷத்துக்கு ஒரு துண்டு. 1976இல் கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் வந்தபோது அவருக்கு வயசு நாற்பதைத் தாண்டிவிட்டது. எனக்கு எழுத்துத் தெரிந்ததற்குக் காரணம் சட்டம் அல்ல, அம்மா. அவள் கையில் எப்படியோ சேர்ந்த ஒரு வாரக் குட்டி. அதை வளர்த்து, அதன் குட்டியை வளர்த்து, நான் ஆறாம் வகுப்பு சேருகிறபோது ஒரு கிடாவை விற்றாள். பத்தாம் வகுப்புக்கு ஒன்று. ஆசிரியப் பயிற்சிக்கு ரெண்டு. என் படிப்பின் ஒவ்வொரு படியிலும் ஒரு ஆடு கறிக்கடைக்குப் போயிருக்கிறது. நம் பெண்களுக்கு வங்கி என்று ஒன்று இருந்ததென்றால் அது தொழுவில்தான் கட்டிக் கிடந்தது.

உண்மையான வங்கி பிறகு வந்தது. ஒருங்கிணைந்த ஊரக வளர்ச்சித் திட்டம் 1978–79இல் தொடங்கி, 1980 அக்டோபர் 2 முதல் நாட்டின் எல்லா ஒன்றியங்களுக்கும் விரிந்தது. ஒரு பங்கு மானியம், மிச்சம் கடன். எங்கள் காலனியில் பலருக்கு ஆடு கிடைத்தது. அம்மாவுக்கும் கிடைத்தது. சந்தையில் வாங்கிய ஆடுகள், காதில் எண் போட்ட தகடு. காப்பீடு என்றார்கள். ஆடு செத்தால் தகடோடு காதை அறுத்துக் கொண்டுவர வேண்டும் என்றார்கள். அம்மா வீட்டுக்கு வந்து அம்மாச்சியிடம் இதைச் சொன்னாள். அம்மாச்சி வெற்றிலையை மென்றுகொண்டே, 'இவியளும் காதைத்தான் கேக்கியாவளா' என்றாள்.

1988இல் காலனி ஆடுகளுக்கு மூக்கு ஒழுகியது, வாய் புண்ணானது, கழிச்சல் கண்டது. வரிசையாகச் செத்தன. இப்படிக் கொல்லுகிற நோய்க்கு ஆட்டுக்கொல்லி என்று பெயர். இந்தியாவில் அது முதன்முதலாகக் கண்டறியப்பட்டது 1987இல், நம் தமிழ்நாட்டு அரசூரில். இன்றைக்கு அதற்குத் தடுப்பூசி இருக்கிறது. அன்றைக்கு வேப்பிலையும் மஞ்சளும்தான். அம்மா நாலு காதை அறுத்து மஞ்சள் பையில் போட்டு எடுத்துக்கொண்டு போனாள். மேலாளர் இல்லை, நாளைக்கு வா என்றார்கள். டாக்டர் சீட்டு வேண்டும் என்றார்கள். டாக்டர் முகாமுக்குப் போயிருந்தார். மூன்றாம் நாள் பையைத் திறந்தபோது நாற்றம். வெளியே கொண்டுபோ என்று விரட்டினார்கள். கடன் நின்றது. செத்த ஆட்டுக்கு ரெண்டு வருஷம் வட்டி ஏறியது. சாவா மூவாப் பேராடு என்று படிக்கும்போதெல்லாம் எனக்கு அந்தப் பாஸ்புத்தகம்தான் கண்ணுக்கு முன்னால் வரும். 1990இல் வி.பி.சிங் அரசு 10,000 ரூபாய் வரைக்குமான கிராமப்புறக் கடன்களைத் தள்ளுபடி செய்தது. அதில் அம்மாவின் கடனும் போனது. மண்டலுக்காக அவரைப் பற்றி எழுதுகிறோம். எங்கள் அம்மாவுக்கு அவர் ஆட்டுக் கடனைத் தீர்த்த ராசா.

நம் ஆட்டின் மேல் அரசாங்கத்துக்கு இன்னொரு அக்கறையும் வந்தது. 2003இல் ஜெயலலிதா அரசு, தூங்கிக் கிடந்த 1950ஆம் வருஷத்து விலங்கு, பறவைப் பலித் தடைச் சட்டத்தைக் கடுமையாக நடைமுறைப்படுத்தச் சொன்னது. சுடலைமாடனுக்கு நேர்ந்துவிட்ட கிடாய்கள் கொடை முடிந்தும் தொழுவிலேயே நின்றன. காசு கொடுத்துக் கறிக்கடையில் வெட்டினால் வியாபாரம். நம் சாமி முன்னால் வெட்டினால் குற்றம். எதிர்ப்புக் கிளம்பியது. 2004இல் அந்தச் சட்டமே நீக்கப்பட்டது. அந்த வருஷக் கொடையில் ரெண்டு வருஷக் கிடாய்களும் சேர்ந்து விழுந்தன.

அதே ஜெயலலிதாவின் அடுத்த ஆட்சியில் 2011 செப்டம்பர் 15 அன்று விலையில்லா ஆடு வழங்கும் திட்டம் தொடங்கியது. குடும்பத்துக்கு நாலு ஆடு. ஐந்து வருஷத்தில் 7 லட்சம் குடும்பங்கள் என்பது இலக்கு. இலவசம், ஓட்டுக்குப் போடுகிற தீனி என்று பட்டணத்தில் கேலி பேசினார்கள். நானும் ஒரு கூட்டத்தில் அப்படிப் பேசியிருக்கிறேன். ஆடு கொடுக்கிறார்கள், மேய்க்க நிலம் எங்கே என்று கேட்டேன். கேள்வி சரியானது. இன்றைக்கும் அதைக் கேட்பேன். புறம்போக்கு பெரிய கைகளில், பஞ்சமி நிலம் யார் யாரோ கையில். ஆனால் 2013இல் அம்மாவுக்கு நாலு ஆடு கிடைத்தபோது அவள் சொன்னதை இங்கே மறைக்கக்கூடாது.

'இதுல யாருக்கும் வாரம் இல்ல, வட்டி இல்ல. செத்தா நாம அழுதா போதும்லா எய்யா.'

கூட்டத்தில் பேசிய எனக்கு இது தோன்றவில்லை. சாவின் நஷ்டத்தை நம் தலையில் கட்டாமல் வந்த முதல் ஆடு அது.

அந்த நாலும் பெருகின, விற்றன, மறுபடி பெருகின. 2023இல் ஆறு நின்றன. அந்த டிசம்பர் 17, ஞாயிற்றுக்கிழமை. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் அளவுக்கு மழை என்று பிறகு சொன்னார்கள். ஸ்ரீவைகுண்டத்தில் ரயில் நின்றதைத் தொலைக்காட்சியில் எல்லோரும் பார்த்தீர்கள். எங்கள் காலனி அந்த அணைக்கட்டுக்கு மேற்கே, வாய்க்காலுக்கும் ஆற்றுக்கும் நடுவில், ஊரிலேயே தாழ்ந்த இடத்தில் இருக்கிறது. ஊர் மேட்டில் இருக்கும், சேரி பள்ளத்தில் இருக்கும்; இதற்கும் கல்வெட்டு தேவையில்லை. ராத்திரி தண்ணீர் இடுப்புக்கு வந்தது. நான் அம்மாவைத் தோளில் தூக்கிப் பள்ளிக்கூட மாடியில் விட்டுவிட்டுத் திரும்பினேன். ஆடுகள் தொழுவில் கட்டிக் கிடந்தன. பிசானப் பயிர் பச்சையாக நிற்கிற காலம். அவிழ்ந்து போய் யார் வயலிலாவது இறங்கிவிட்டால் வம்பு என்று ரெண்டு முடிச்சாகக் கட்டியிருந்தேன். நானேதான் கட்டினேன். கயிறு நனைந்து இறுகிவிட்டது. இருட்டு. கையில் கத்தி இல்லை. ஒரு சின்னப் பெட்டைக் குட்டி மட்டும் பஞ்சாரத்துக்குள் இருந்தது, அதைக் கட்டவில்லை. அதைத் தூக்கிக்கொண்டு வந்தேன். ஐந்தும் கத்தின. பிறகு கத்தவில்லை.

இதே தாமிரபரணியில்தான் 1999 ஜூலை 23 அன்று, மாஞ்சோலைத் தொழிலாளர்களுக்காக ஊர்வலம் வந்தவர்கள் போலீஸ் தடியடிக்குத் தப்ப ஆற்றில் இறங்கி, 17 பேர் செத்தார்கள். தண்ணீரில் மூழ்கிச் செத்தார்கள் என்று சொன்னார்கள். தண்ணீருக்குள் தள்ளியது யார் என்று நாம் கேட்டோம். ஆட்டையும் ஆளையும் ஒப்பிடவில்லை. ஆனால் வெள்ளம் கொன்றது என்று யார் சொன்னாலும், பள்ளத்தில் குடிவைத்தது யார், முடிச்சுப் போடவைத்தது எது என்று கேட்க அந்த ஜூலை எனக்குக் கற்றுக் கொடுத்திருக்கிறது. என் கை போட்ட முடிச்சை நான் மறுக்கவில்லை. அந்தக் கைக்குப் பயத்தைக் கற்றுக் கொடுத்த பவுண்டையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

செத்த ஆட்டுக்கு 4,000 ரூபாய் நிவாரணம் என்று அரசு அறிவித்தது. ரெண்டு ஆடு முள்வேலியில் சிக்கிக் கிடந்தன. மூன்று, தொழுவோடு சேர்ந்து போய்விட்டன. புன்னைக்காயல் கடலுக்கே போயிருக்கும். விண்ணப்பம் வாங்கியவர் நல்ல மனுஷன்தான், குரலில் அதட்டல் இல்லை. 'மூணுக்கும் ஏதாவது அத்தாட்சி இருக்கா? காதுத் தகடு? போட்டோ?' என்று கேட்டார். அம்மா என் முகத்தைப் பார்த்தாள். ரெண்டு ஆட்டுக்குக் காசு வந்தது.

அந்தப் பஞ்சாரத்துக் குட்டிதான் இப்போது என் முன்னால் நிற்கிற செங்கன்னி. இது அதன் ரெண்டாம் ஈத்து.

மணி மூன்று இருக்கும். எழுதியதை நிறுத்திவிட்டு எழுந்து போனேன். பனிக்குடம் வந்துவிட்டது. அம்மா முன்பே வந்து உட்கார்ந்திருந்தாள். முதலில் ரெண்டு முன்னங்கால், அதன் மேல் மூக்கு. வாகாகத்தான் வருகிறது என்றாள். இழுக்கவிடவில்லை. ஆடு முக்கியது, குட்டி சாக்கில் விழுந்தது. அம்மா மூக்கிலும் வாயிலும் இருந்த கோழையைத் துணியால் துடைத்தாள், குட்டி தும்மியது. தாய் நக்கத் தொடங்கியது. கால் மணி நேரத்தில் இன்னொன்று. அது தும்மவில்லை. அம்மா பின்னங்காலைப் பிடித்துத் தலைகீழாகத் தூக்கி மெல்ல ஆட்டினாள், வைக்கோலால் விலாவைத் தேய்த்தாள். நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பிறகு ஒரு சின்னக் கத்தல்.

கொப்பூழை அறுத்து மருந்து வைத்தோம். மடியில் முதல் பீய்ச்சலைத் தரையில் விட்டு, ரெண்டையும் சீம்பாலுக்குச் சேர்த்தோம். நஞ்சு விழுந்ததும் நாய் எடுக்காமல் குழி தோண்டிப் புதைத்தேன். ஒன்று கிடா, ஒன்று பெட்டை. ரெண்டு முகத்திலும் செங்கோடு.

அம்மா விளக்கைக் கிட்டக் கொண்டுவரச் சொன்னாள். பெட்டைக் குட்டியின் ஈரக் காதை விரலால் விரித்து ரெண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தாள். வெட்டும் இல்லை, தகடும் இல்லை.

'முழுசா இருக்கு' என்றாள். துணியால் துடைத்துத் தாயிடம் விட்டாள்.

இனி பஞ்சாயத்தில் எங்கள் தெரு மனு ஒன்று போக வேண்டும். குளத்துப் புறம்போக்கில் ஆக்கிரமிப்பை அளந்து மேய்ச்சலுக்கு விட வேண்டும், காலனிக்கு மேட்டில் மனை வேண்டும் என்று ரெண்டு கோரிக்கை. நாளைக்கு அதை எழுதுவேன். அதற்கு முன்னால் பொழுது விடிந்ததும் ஒரு வேலை இருக்கிறது. தொழுவில் இனி இழுத்தால் அவிழ்கிற முடிச்சாகத்தான் போடுவேன்.